மோட்டார் சைக்கிளின் புகைக்குழல்

இயந்திரங்களைப் பற்றி எழுதுதல் பொறியியல் பயில்வோர்க்கே உரியதென்றும், தமிழ் பயில்வோர் அதனுட் புகுதல் வேண்டாவென்றும் கருதுவோர் நம்மிடையே உளர். நாள்தோறும் நம் கண்முன் நிற்பதும் நம் செவியைத் துளைப்பதுமான ஒரு பொருளைத் தமிழில் தெளிவுற விளக்கவியலாதெனின், அக்குறை மொழியின்பால் உள்ளதன்று. எழுத முயலாதார்பால் உள்ளதேயாம். ஆகவே, மோட்டார் சைக்கிளின் புகைக்குழலையும், அதனைக் கழற்றி வேறு குழல் பூட்டும் வழக்கத்தையும் பற்றி இவ்வாண்டு மலரில் சில கூறத் துணிந்தோம்.

எமது ஊர் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை அடுத்துள்ள நாரணாபுரம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களால் பிழைக்கும் பகுதி அது. அங்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், இளைஞர் பலர் வண்டி வாங்கிய சில திங்களுள்ளேயே அதனொடு வந்த சைலன்சரைக் கழற்றி வீட்டு மூலையில் வைத்துவிட்டு, பேரோசை எழுப்பும் பிறிதொன்றைப் பூட்டிக்கொள்கின்றனர். நம் கல்லூரி மாணவர்க்கும் இவ்வழக்கம் புதியதன்று. இதனைப் பழித்தல் எளிது, புகழ்தலும் எளிது. இரண்டிற்கும் முன்னர் ஆராய்தல் வேண்டும். புகைக்குழல் யாது செய்கின்றது? ஓசை மிகுந்தால் ஆற்றலும் மிகுமோ? குழலை மாற்றும் முறை யாது? சட்டம் யாது கூறுகின்றது? எம்மூர் போன்ற ஊரில் இவ்வோசைக்குத் தனிப்பொருள் ஏதேனும் உண்டோ? இவ்வைந்து வினாக்களையும் முறையே எடுத்துக்கொள்வாம்.

வெடியும் அதன் வழியும்

மோட்டார் சைக்கிளின் இயந்திரம் வெடியினால் இயங்குவது. உருளைக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் அக்கலவையை நெருக்குகின்றது. பிளக்கிலிருந்து எழும் பொறி அதனைக் கொளுத்துகின்றது. கொளுந்திய வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. பின்னர்ப் பிஸ்டன் மீண்டும் மேலெழுந்து, எரிந்த வாயுவைப் புறத்தே தள்ளுகின்றது. இவ்வாறு உறிஞ்சல், நெருக்கல், வெடித்தல், வெளியேற்றல் என நான்கு செயல்கள் நிகழ்வதற்குச் சக்கரத்தண்டு இருமுறை சுழலல் வேண்டும். ஆதலின், ஒற்றை உருளையுடைய வண்டி நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலுமாயின், நிமிடத்திற்கு 1,500 வெடிகள், அதாவது நொடிக்கு 25 வெடிகள் நிகழும்.

எரிந்த வாயு வெளியேறுவதற்கென வால்வு திறக்கும் அக்கணத்தில், உருளையினுள் அழுத்தம் புறக்காற்றின் அழுத்தத்தினும் பன்மடங்கு மிகுந்திருக்கும். அடைபட்ட வாயு திடீரெனப் பாயுங்கால் எழுவதே நாம் கேட்கும் ஓசை. பட்டாசு செய்வார் இதனை நன்கு அறிவர். மருந்தைத் தாளில் இறுகச் சுற்றி அடைத்தாலன்றி வெடி பிறவாது. திறந்த தரையில் கொட்டிய மருந்து சீறி எரிந்து அடங்கும். அடைப்பும், அவ்வடைப்பு ஒரு நொடியில் அகல்வதுமே ஓசையைத் தருவன. பட்டாசில் தாளுறை கிழிகின்றது. இயந்திரத்தில் வால்வு திறக்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டில் இவ்வோசைக்குப் பெயர் பெற்ற வண்டி புல்லட் ஆகும். இங்கிலாந்தில் தோன்றிய அவ்வண்டி, 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிற்று. திருவொற்றியூர் ஆலை அதன் பழம்பெரும் இருப்பிடம். நெடுங்காலம் வழங்கிய புல்லட் 350 வண்டியின் உருளை விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். உருளை ஒன்றேயாதலானும், பிஸ்டன் நெடுந்தூரம் ஏறியிறங்குதலானும், கனத்த சக்கரமொன்று அதனொடு மெல்லச் சுழலுதலானும், அதன் வெடிகள் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே செவிப்படும். அவ்வொலியே அவ்வண்டிக்கு அழகென்பாரை யாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆலையினர் அளந்து அமைத்த ஓசை வேறு. பின்னர்ப் பட்டறையில் கூட்டிய ஓசை வேறு.

ஒலியடக்கியின் அமைப்பு

உருளைத் தலையினின்று வளைந்து கீழிறங்கும் குழாயைப் பட்டறையார் பெண்டு பைப் என வழங்குவர். அதன் ஈற்றில் பூட்டப்பெறும் பருத்த கூடே சைலன்சர். ஓசையை அடக்க இருவழிகள் உள. முதலாவது, கூட்டைத் தகடுகளாற் பல அறைகளாகப் பிரித்து, துளையிட்ட சிறு குழாய்களால் அவற்றை இணைப்பது. அறைதொறும் வாயு விரிந்து தன் வேகத்தை இழக்கின்றது. ஒலியலைகள் தகடுகளிற் பட்டுத் திரும்பி, எதிர்வரும் அலைகளோடு மோதி ஒன்றையொன்று அழிக்கின்றன. இரண்டாவது, துளைகள் நிறைந்த நேர்க்குழாயொன்றைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பது. இதில் ஒலியின் ஆற்றல் பஞ்சின் இழைகளிடையே உராய்ந்து வெப்பமாக மாறுகின்றது. முதல்வகை தாழ்ந்த ஒலிகளை நன்கு அடக்கும். இரண்டாம் வகை உயர்ந்த ஒலிகளை நன்கு அடக்கும்.

கடைகளில் தனியே விற்கும் குழல்கள் பெரும்பாலும் அறைகள் அற்றவை. பஞ்சும் சிறிதளவே இருக்கும். சில திங்களில் அதுவும் எரிந்து பறந்துவிடும். பஞ்சாபி, இந்தூரி, ஷார்ட் பாட்டில், மெகபோன், கோல்ட் ஸ்டார் எனப் பல பெயர்களால் இவை வழங்குகின்றன. இவற்றுட் கோல்ட் ஸ்டார் என்பது பழைய ஆங்கிலப் பந்தய வண்டியொன்றின் பெயர். சிலவற்றின் வாயில் டிபி கில்லர் எனப்படும் சிறு தடுப்புக்குழாய் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதனைக் கழற்றினால் எஞ்சுவது இருபுறமும் திறந்த குழாயே.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுவண்டிகட்குப் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக்கட்டளை உண்டு. அக்கட்டளைக்கேற்ப அமைந்த வண்டிகளின் குழலில், ஓசையை அடக்கும் உறுப்புக்களேயன்றி நஞ்சை அடக்கும் உறுப்பும் உளது. தேன்கூடு போன்ற அதன் கண்ணறைகளிற் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் முதலிய அரிய உலோகங்கள் மென்படலமாகப் பூசப்பட்டிருக்கும். வெம்மையுற்ற அவ்வறைகளின் ஊடே செல்லுங்கால், நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகின்றது. எரியாத பெட்ரோல் ஆவி நீரும் கரியமில வாயுவுமாகின்றது. நைட்ரஜன் ஆக்சைடுகள் மீண்டும் நைட்ரஜனாகின்றன. அதன் முன்னர் ஆக்சிஜன் உணரி ஒன்று நின்று, வாயுவில் எஞ்சிய ஆக்சிஜனை அளந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்கவேண்டுமென்பதை வண்டியின் கணிப்பொறிக்கு அறிவிக்கின்றது. கடைக்குழல் பூட்டுவார் பலர் இவ்விரண்டையும் ஒருங்கே இழக்கின்றனர். ஓசை மிகுந்ததை ஊரார் கேட்பர்; நஞ்சு மிகுந்ததை யாரும் கேளார்.

ஓசையும் ஆற்றலும்

குழலின் தடையை நீக்கினால் வாயு எளிதில் வெளியேறும். எளிதில் வெளியேறினால் ஆற்றல் பெருகும் என்பது பட்டறைகளில் வழங்கும் கொள்கை. இதில் உண்மை ஒரு பகுதியே உளது. அதனை விளக்க இசைக்குழல் துணைசெய்யும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலாசிரியன் இலக்கணம் கூறப்படும். அவ்விடத்து அடியார்க்குநல்லார் உரை குழலின் நீளம் 20 விரலென்றும் சுற்று 4½ விரலென்றும் அளவு குறிக்கின்றது. வாய்வைத்து ஊதுவதற்கு முன்னரே குழலுக்கு அளவு வகுத்தமை, நீளமும் விட்டமுமே குழலின் ஓசையை ஆள்வன என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தமைக்குச் சான்று. இயந்திரத்தின் குழலும் இவ்வியல்பினதே. வால்வினின்று பாய்ந்த அழுத்த அலை, வெப்பம் மிகுந்த அவ்வாயுவில் நொடிக்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு ஓடுகின்றது. குழலின் திறந்த வாயை அடைந்ததும், அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகின்றது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னர் அவ்வுறிஞ்சலை வந்து சேருமாயின், உருளையில் எஞ்சிய புகையை இழுத்துப் புதுக்கலவைக்கு இடந்தரும். காலந்தவறி வருமாயின் பயனில்லை. சிலபோது தீங்கும் உண்டு. ஆகவே, குழலின் நீளத்தையும் விட்டத்தையும் அவ்வியந்திரத்தின் சுழற்சி வேகத்திற்கேற்பக் கணித்தே வைக்கின்றனர். அளவு நோக்காது பருங்குழாயொன்றைப் பூட்டினால், வாயுவின் ஓட்டம் தளரும். நகரத்தில் நாம் பெரிதும் ஓட்டும் நடுத்தர வேகங்களில் இழுவை குறையும். அன்றியும், வால்வு, உருளைத்தலை, காற்று வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவை மாறாதிருக்கக் குழல் ஒன்று மட்டும் மாறுவதால் வரும் ஆக்கம் மிகச் சிறிதே. ஏறத்தாழ 20 குதிரைத்திறன் உடைய புல்லட் 350, கடைக்குழலால் பந்தய வண்டியாகிவிடாது.

குழலின் வடிவே ஆற்றலின் மறைபொருளாக நின்ற வரலாறும் உண்டு. இரண்டு செயல்களிலேயே வெடியை முடிக்கும் டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் புகைவாய்க்கு வால்வு இல்லை. புதுக்கலவையும் புகையோடு ஓடிவிடக் கூடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். ஆலையிற் பணிபுரிந்த வால்டர் காடன் என்னும் பொறியாளர், 1950ஆம் ஆண்டுகளில் இதற்கு ஒரு வழியைச் செப்பம் செய்தார். முதலில் விரிந்தும் பின்னர்க் குறுகியும் செல்லும் குழலை அவர் அமைத்தார். விரியும் பகுதி உறிஞ்சலையை அனுப்பிப் புகையை இழுக்கும். குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி, வெளியே நழுவிய கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளும். இதன் பயனாக, 1961ஆம் ஆண்டில் 125 கன சென்டிமீட்டர் இயந்திரமொன்று 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்னும் கணக்கு அது. அவ்வாண்டே அக்குழுவின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி ஜப்பானியச் சுசூகி ஆலையைச் சார்ந்தார். 1962இல் சுசூகி 50 கன சென்டிமீட்டர் உலகப் பட்டத்தை வென்றது. நம் நாட்டு இளைஞர் இன்றும் போற்றும் யமஹா ஆர்எக்ஸ் 100, 1985 முதல் 1996 வரை இங்கு உருவான டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் குழலின் உட்புறமும் இக்கணக்கின் வழிப்பட்டதே. அதனை அறுத்துக் குறுக்குவார், ஓசையைப் பெற்று ஆற்றலை இழப்பார்.

குழலை மாற்றும் முறை

நிற்க. குழலை மாற்றவேண்டிய தேவை நேர்மையாகவும் எழுவதுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. குறுந்தூரமே ஓடும் வண்டியில், குழல் முற்றும் சூடேறுமுன் பயணம் முடிவதால், அந்நீர் கூட்டினுள்ளேயே தங்கி அதனைத் துருவாக அரித்துவிடும். விழுந்து நசுங்குதலும் உண்டு. அப்போது புதுக்குழல் பூட்டுதல் வேண்டும். அதன் முறை வருமாறு.

முதலாவதாக, இயந்திரம் முற்றும் ஆறியிருத்தல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்துக. ஆக்சிஜன் உணரி உளதாயின், அதன் கம்பியிணைப்பைப் பிரித்து, உணரியை முறுக்காமலும் கீழே விழாமலும் எடுத்து வைக்க. உருளைத்தலையில் பெண்டு பைப்பைப் பிடிக்கும் நட்டுகள் வெப்பத்தால் இறுகித் துருப்பிடித்திருக்கும். துருநீக்கும் எண்ணெயை இட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புக. வன்மையாகத் திருகினால் ஸ்டட் ஒடியும். அலுமினியத் தலையில் ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது குழலின் விலையினும் மிக்க செலவாதல் கூடும்.

இரண்டாவதாக, சைலன்சரைப் பெண்டு பைப்போடு பிணிக்கும் கிளாம்பைத் தளர்த்துக. பின்புறத் தாங்கியின் போல்ட்டை இறுதியிலேயே கழற்றுக. அப்போது மறுகையால் கூட்டைத் தாங்கிக்கொள்க. புகைவாயில் இருக்கும் பழைய கேஸ்கட் வளையத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய வளையம் இடுக. ஒருமுறை நசுங்கிய வளையம் மறுமுறை அடைப்பாகாது.

மூன்றாவதாக, புதுக்குழலை ஒட்டிப் பார்க்க. குழாய்களின் உள்விட்டம் பொருந்துகின்றதா, தாங்கியின் துளை நேராக நிற்கின்றதா, பிரேக் மிதி, கால்தாங்கி, சக்கரம், மின்கம்பிகள் ஆகியவற்றோடு உராயாது நிற்கின்றதா என்பவற்றை நோக்குக. எல்லா நட்டுகளையும் முதலில் கைவிரலால் மட்டும் திருகுக. பின்னர்ப் புகைவாய் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்குக. அடுத்துக் கிளாம்பை இறுக்குக. தாங்கியை ஈற்றில் இறுக்குக. தாங்கியை முதலில் இறுக்கிக் குழாயை வலிந்து இழுத்துப் பூட்டினால், அதிர்வினால் அது சில திங்களில் வெடிப்புறும்.

நான்காவதாக, குழலின்மேற் படிந்த விரலெண்ணெயைத் துணியால் துடைத்துவிடுக. இன்றேல் முதற்சூட்டிலேயே அக்கறை அழியாது பதிந்துவிடும். பின்னர்த் திறந்தவெளியில் இயந்திரத்தை இயக்குக. மூடிய அறையில் இயக்குதல் நச்சுவாயுவால் உயிர்க்கு இறுதியாம். இணைப்புகளின் அருகே, தொடாமல், கைவைத்து வாயுக்கசிவு உண்டா என அறிக. கசிவுள்ள இணைப்பின் வழியே புறக்காற்று உட்புகுந்து, எரியாத ஆவியோடு சேர்ந்து குழலினுள்ளேயே எரியும். முறுக்கைத் தளர்த்தும்போது கேட்கும் வெடிகளுக்கு இது ஒரு காரணம். வண்டி ஓடி ஆறியபின் நட்டுகளை மறுமுறை இறுக்குக.

கார்புரேட்டர் வண்டியாயின், சில நாள் சென்றபின் பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்குக. செங்கல் நிறங் கலந்த பழுப்பாயின் நன்று. வெண்மையாயின் பெட்ரோல் குறைவு, இயந்திரம் மிகையாகச் சூடேறும். கரியாயின் பெட்ரோல் மிகை. தடை நீங்கிய குழலால் பெரும்பாலும் வெண்மையே காணப்படும். குழல் மாற்றுவார் பலர் இச்சோதனையைச் செய்வதில்லை. செய்யாமையின் பயன் பிஸ்டனில் வந்து முடியும்.

சட்டம் கூறுவது

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியும் புகைவாயின் ஓசையை இயன்றவரை குறைக்கும் ஒலியடக்கியை உடையதாதல் வேண்டும் என்கின்றது. ஆலையினின்று வெளிவரும் மோட்டார் சைக்கிள்கட்கு ஓசையின் எல்லையும் உண்டு. 2005 ஏப்ரல் முதல், 80 கன சென்டிமீட்டர் வரையுள்ளவற்றிற்கு 75 டெசிபல், 175 வரையுள்ளவற்றிற்கு 77, அதற்கு மேற்பட்டவற்றிற்கு 80 டெசிபல் என எல்லை வகுக்கப்பட்டது. ஓடும் வண்டியின் நெறியினின்று 7.5 மீட்டர் விலகி நின்று அளக்கும் அளவு இது. டெசிபல் கணக்கு ஏணிப்படி போன்றதன்று. 80 டெசிபல் 90 ஆனால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 100 ஆனால் நூறு மடங்காகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆலையினர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கொன்றில் வலியுறுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அத்தகைய மாற்றம் செய்யும் உரிமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, மாற்றமொன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓசைக்கட்டளையை மீறிய வண்டியைப் பொதுவழியில் ஓட்டுவார்க்கு, 190ஆம் பிரிவின்படி முதற்குற்றத்திற்கு மூன்று திங்கள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று திங்கள் தடைப்படும். 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, மாற்றப்பட்ட சைலன்சர்களின் ஓசையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மேலும், 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கத்தக்கது. அதன் எல்லை பகலில் 50, இரவில் 40 டெசிபல். நம் கல்லூரி வாயிலில் வண்டியை முறுக்கி நிற்பார் இவ்வெண்களை நினைவிற் கொள்வாராக.

எம்மூரும் வெடியோசையும்

இனி, இறுதி வினாவிற்கு வருவாம். பட்டாசுத் தொழிலாற் பிழைக்கும் ஊரார் வண்டியின் ஓசையைக் குறைகூறலாமோ என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு விடை இது. பட்டாசின் ஓசைக்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது. வெடிக்கும் இடத்தினின்று 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேற்படும் வெடியைச் செய்தலும் விற்றலும் ஆகா என்பது 1999ஆம் ஆண்டு முதல் வழங்கும் விதி. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலிமாசு பற்றி அளித்த தீர்ப்பு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசைவெடி வெடித்தலைத் தடுத்தது. அமைதியாக வாழ்தலும் உயிர்வாழும் உரிமையின் பாற்பட்டதென்றும் கூறிற்று. 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பு சரவெடியைத் தடுத்து, தீபாவளி நாளுக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை எனக் காலமும் வகுத்தது. இக்கட்டளைகளால் எம்மூர்த் தொழிலாளர் கூலி குறைந்தும் வேலை இழந்தும் பட்ட துன்பம் சிறிதன்று. ஆண்டுக்கு ஒரு நாள் வெடிக்கும் வெடிக்கு இத்துணை எல்லைகளை ஏற்று வாழ்வார் தெருவில், நொடிக்கு 25 முறை, ஆண்டு முழுதும், எல்லையின்றி வெடித்துச் செல்வது முறையாகுமோ? தாழ்ந்த ஒலி சுவரையும் கூரையையும் ஊடுருவ வல்லது. நாள் முழுதும் குனிந்திருந்து திரி செருகியும் தாள் சுற்றியும் அயர்ந்து உறங்குவார்க்கு அது செய்யும் இடையூறு, ஓட்டிச் செல்வான் அறியாதது.

இதனினும் பெரிதொன்று உண்டு. பிற ஊர்களில் வெடியோசை விழாவின் அறிகுறி. எம்மூர்ப் பக்கத்தில், திருவிழா இல்லாத நாளில் ஒரு வெடியோசை கேட்டால், பெண்டிர் வாயிலுக்கு ஓடிவந்து எத்திசையிற் புகை எழுகின்றதென்று நோக்குவர். எவ்வாலைக்கு யார் வேலைக்குச் சென்றனர் என்று எண்ணுவர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவருட் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடியோசையைக் கேட்டு அவ்விடத்திற்கு விரைந்த அயலூரார். வெடியோசை கேட்டால் விலகி ஓடாது, அதனை நோக்கி ஓடும் மக்கள் இவர்கள். இத்தகையோர் நடுவே, முறுக்கைத் தளர்த்திக் குழலை வெடிக்கச் செய்து மகிழ்வதை விளையாட்டென்று கூறலாமோ? பொய்யோசை பலமுறை கேட்ட செவி, மெய்யோசையை ஐயுறத் தொடங்கும். அபாயத்தை அறிவிப்பதற்கென ஓர் ஊருக்கு அமைந்த அடையாளத்தை நாம் வீணே செலவழித்தல் ஆகாது.

தீயின் அச்சமும் உண்டு. அறைகளற்ற குழலில், எரியாத ஆவி வாய்ப்புறத்தே வந்து தீநாவாக எரிதலும், கரித்துகள் பொறியாகப் பறத்தலும் கூடும். எண்ணெய் லாரிகளின் குழலிற் பொறி தடுப்பான் பூட்டவேண்டுமெனச் சட்டம் வகுத்ததன் காரணம் இதுவே. தாளும் திரியும் மருந்துத் தூளும் மலிந்த நிலத்தில் தீநாவுடைய குழலைக் கொணர்தல் அறிவுடைமை ஆகாது.

ஓட்டுவான் செவியையும் மறத்தல் ஆகாது. 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் இருத்தல் செவிக்குத் தீங்கென்பர் மருத்துவர். ஒவ்வொரு 3 டெசிபல் மிகுதிக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். குழலின் வாய் அவனுக்குப் பின்னே இருப்பினும், நாள்தோறும் அதனோடு செல்பவன் அவனே. இழந்த செவிப்புலன் மீள்வதன்று.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், குழல் என்பது வண்டியின் அணிகலன் அன்று, இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்பதும், அளவு தவறிய குழல் ஓசையைத் தருமேயன்றி ஆற்றலைத் தாராது என்பதும் விளங்கும். ஆகவே, குழல் பழுதுற்றால் அவ்வண்டிக்கென வகுத்த குழலையே வாங்கி, மேற்கூறிய முறையிற் பூட்டுக. முன்னரே மாற்றியவர், வீட்டு மூலையில் இருக்கும் பழைய சைலன்சரைத் துடைத்து மீண்டும் பூட்டுக. ஒரு மாலை நேரமும் ஒரு புதுக் கேஸ்கட்டுமே அதற்கு வேண்டுவன.

ஓரேபு மலையில் நின்ற எலியா, ஆண்டவரின் அண்மையை உணர்ந்தது மலைகளைப் பிளக்கும் பேரோசையில் அன்று, பின்வந்த மெல்லொலியில் என்பதை நாம் சிறுவர் பள்ளியிலேயே கற்றோம். பிறனை நேசித்தல் நம் கல்லூரி நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம். அதனைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நிறுத்தாது, தெருவில் செல்லும்போதும் கைக்கொள்ளுதல் வேண்டும். இரவில் ஊருக்குள் நுழையும் வண்டியின் ஒலி கேட்டு எம்மூர்த் தாயொருத்தி திடுக்கிட்டு எழாமல், தன் மகன் நலமே வந்தான் என்று மட்டும் அறிந்து மீண்டும் உறங்குவாளாயின், அக்குழல் தன் தொழிலைச் செவ்வனே செய்ததாகும்.